வெறுப்பின் விலை 39.99 டாலர்

2008 ஜூன் 28 அன்று பாரிஸில் பிளிசார்ட் நிறுவனம் 'டையாப்லோ 3' விளையாட்டை அறிவித்தது. நரகத்திலிருந்து பேய்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்து ஊரைத் தின்னும். நாம் ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்து அவற்றைக் கொத்துக் கொத்தாக வெட்டித் தள்ள வேண்டும். எட்டு ஆண்டுக்கு முன் வந்த இரண்டாம் பாகத்திலும் கதை இதுதான். மேடையில் ஓடிய காணொளியில் பிணக்குவியல் இருந்தது, ரத்தம் இருந்தது, ஒரு ராட்சசப் பேய் பார்பேரியன் என்னும் வீரனைத் தூக்கித் தலையைக் கடிக்கும் காட்சியும் இருந்தது. ரசிகப் பெருமக்கள் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வெளியான படம் ஒன்றில் அருவிக்குப் பக்கத்தில் மெல்லிசாகத் தெரிந்த ஒரு வானவில்லைக் கண்டுபிடித்தார்கள்.

நரகத்தின் மாண்பு கெட்டுவிட்டது என்று பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மனு எழுதினார்கள். நிறம் கூடிப்போனது, அதே நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதிரி பளபளக்கிறது, நரகம் என்றால் சாம்பலும் சாக்கடையும் கலந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் போலிருந்தது அந்த உறுதி. மனுவோடும் விடவில்லை. நிறுவனம் வெளியிட்ட படங்களை ஃபோட்டோஷாப்பில் போட்டு, நிறத்தை உறிஞ்சி, கறுப்பைப் பூசி, 'இப்படித்தான் வரைய வேண்டும்' என்று வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஓவியர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். இயக்குநர் ஜே வில்சன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அசையாத படத்தில் இது நன்றாக இருக்கும், ஆனால் ஓடும் ஆட்டத்தில் எல்லாமே ஒரே சாம்பலாக இருந்தால் எது சுவர் எது பேய் என்று பிரித்தறிய முடியாது என்பது அவர் சொன்னதன் பொருள். யார் கேட்டார்கள்?

நிறுவனம் கேட்டுக்கொண்டது. நான்கு ஆண்டு கழித்து, 2012 மே 15 அன்று ஆட்டம் வெளியானபோது அதற்குள் விம்ஸிஷைர் என்றொரு இரகசிய ஊரை ஒளித்து வைத்திருந்தார்கள். அங்கே நுழைய ஒரு மேய்ப்பன் கோல் வேண்டும். கோலைச் செய்யத் தேவையான சாமான்களில் ஒரு கறுப்புக் காளான், செத்துப்போன மன்னன் லியோரிக்கின் கால் எலும்பு, ஒரு லட்சம் பொன் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மணி, அப்புறம் ஒரு புட்டி திரவ வானவில். ஆமாம், திரவ வானவில். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனால் சிரிக்கும் மேகங்கள், கரடிப் பொம்மைகள், ஒற்றைக் கொம்புக் குதிரைகள், வெட்டினால் பீறிடும் ரத்தம். அந்த வானவில் புட்டி சும்மா கிடைத்துவிடாது. பாலைவனச் சோலைக்குள் ஒரு குகை. அது எப்போது தோன்றும் என்று சொல்ல முடியாது. தோன்றினாலும் பெட்டிக்குள் புட்டி இருக்கும் என்று உத்தரவாதமில்லை. வானவில்லை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட அதே ரசிகக் கூட்டம், அந்தக் குகைக்குள் புகுந்து புறப்பட்டு, மறுபடி புகுந்து, ராத்திரி பகலாக வானவில் தேடியது. நிறுவனம் அடித்த நகைச்சுவைகளிலேயே உருப்படியானது இது ஒன்றுதான். அடிபட்டவர்களுக்குத்தான் உறைக்கவில்லை. அதை ஒரு வெகுமதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஆட்டங்களைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தொடங்கும்போதே நீங்கள் யார் என்று முடிவு செய்ய வேண்டும். கோடரி சுழற்றும் பார்பேரியனா, நெருப்பெறியும் சூனியக்காரியா, பிணத்தை எழுப்பி வேலை வாங்கும் நெக்ரோமான்சரா, கேடயமும் வேதமுமாக வரும் பாலடினா. இதைத்தான் கிளாஸ் என்கிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நூறு, இருநூறு மணி நேரம் அதோடு குடித்தனம் நடத்துவதால் பாசம் வந்துவிடுகிறது. பாசத்தில் தப்பில்லை. அந்தப் பாசத்துக்கு வட்டி வசூலிக்கத் தெரிந்தவன் எதிரே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான், அது கண்ணில் படாமல் போவதுதான் கொடுமை.

பாரிஸில் காட்டிய இரண்டாவது வீரன் விட்ச் டாக்டர். டெகான்ஸே என்னும் காட்டைச் சேர்ந்த உம்பரு பழங்குடியாள். முதுகு வளைந்த கிழவன், முகத்தில் பெரிய மரமூடி, இறகு, எலும்பு, வண்ணப்பூச்சு. சிலந்தி நிரப்பிய ஜாடியை எறிவான், செத்த நாய்களை எழுப்பி ஏவுவான், தவளை மழை பொழிவான். டையாப்லோ 3 வெளியானபோது இருந்த ஐந்து வீரர்களில் கறுப்பு மனிதனின் தோற்றம் கொண்ட ஒரே ஒருவன் இவன்தான். அந்த ஒருவனுக்குக் கொடுத்த வேடம், ஹாலிவுட் பல தலைமுறையாகத் துவைத்துக் காயப்போட்ட அதே பழைய வேடம். கறுப்பன் என்றால் காடு, கறுப்பன் என்றால் பில்லி சூனியம், கறுப்பன் என்றால் மூக்கில் எலும்பு. கோபம் வர வேண்டிய இடம் இது. கையெழுத்து வேட்டை நடத்தத் தகுந்த இடம் இது. நம்மவர்கள் கோபப்படவும் செய்தார்கள், பொங்கி வழிய வழியக் கோபப்பட்டார்கள்: 'எங்கள் நெக்ரோமான்சர் எங்கே?'

பிணத்தை எழுப்பும் உத்தியோகத்தை வெளுத்த முகமும் வெள்ளை முடியுமாக இருந்தவனிடமிருந்து பிடுங்கி இந்தக் காட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டார்களாம். அதுதான் குற்றப்பத்திரிகை. எனக்கு இந்த வாதத்தில் பிடித்தது அதன் நேர்மை. வேலை பறிபோன துயரத்தை மனிதர்கள் இவ்வளவு உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது அசல் மனிதரின் வேலையாக இல்லை என்பது மட்டும்தான் குறை. அசல் மனிதர்களின் வேலை போன கதைக்குப் பிறகு வருகிறேன். அங்கே ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதையும் பார்க்கலாம்.

2008 அக்டோபரில் விசார்ட் வந்தார். சோர்சரஸ் எங்கே என்றார்கள். 2009இல் மாங்க் வந்தார். பாலடின் எங்கே என்றார்கள். 2010இல் டீமன் ஹண்டர் வந்தார். அமேசான் எங்கே என்றார்கள். ஒவ்வொரு அறிமுக விழாவும் முன்னவருக்கு நடத்திய பதினாறாம் நாள் காரியமாகவே நடந்தது. வந்தவரை வாங்க என்று சொல்ல ஆளில்லை, போனவருக்கு ஒப்பாரி வைக்க ஊரே திரண்டது. சந்தைப்படுத்தும் துறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாவம், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பெயருக்கு எவ்வளவு ஒப்பாரி என்று குறிப்பெடுத்திருப்பார்கள். சந்தை ஆய்வுக்கு ஆள் வைத்து, கேள்வித்தாள் அடித்து, வீடு வீடாக ஏறி இறங்க வேண்டிய வேலை. இங்கே வாடிக்கையாளனே நெஞ்சில் அடித்துக்கொண்டு, எதை எடுத்து ஒளித்தால் என்ன விலை கொடுப்பேன் என்று இலவசமாகச் சொல்லித் தருகிறான்.

2011 ஆகஸ்டில் நிறுவனம் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னது. ஒன்று, நீங்கள் தனியாக உட்கார்ந்து ஆடினாலும் இணையத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும். இரண்டு, ஆட்டத்தில் கிடைக்கும் வாளையும் கவசத்தையும் அசல் டாலருக்கு ஏலம் விடும் சந்தை ஒன்றைத் திறக்கப்போகிறோம். ஒரு கவசம் விற்றால் ஒரு டாலர் தரகு நிறுவனத்துக்கு. விற்ற காசைக் கையில் எடுக்க வேண்டுமானால் அதில் இன்னும் 15 சதவீதம். ஒரு வாளுக்கு 250 டாலர் வரை விலை வைக்கலாம். பேயை வெட்டினால் நல்ல வாள் கிடைப்பது அபூர்வம், கடைக்குப் போனால் தாராளமாகக் கிடைக்கும். பேயையும் படைத்து, பேய் ஓட்டும் கடையையும் வைத்தவன் ஒருவனே. இதற்கும் முணுமுணுப்பு எழுந்தது, எழவில்லை என்று சொன்னால் அது பொய். வாங்கவே மாட்டோம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். வெளியான 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதி விற்றது. கணினி விளையாட்டுகளில் அதுவரை இல்லாத வேகம். சத்தியம் செய்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள். நின்றவர்களுக்குத் திரையில் கிடைத்தது 'எரர் 37'. சர்வர் நிரம்பி வழிகிறது, அப்புறம் வா.

தென்கொரியாவில் மட்டும் சிலர் வேறு மாதிரி கோபப்பட்டார்கள். காசு கொடுத்த பொருள் ஓடவில்லை, காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். தர முடியாது என்று சொன்னதும் நியாய வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஆட்டம் வெளியான மாதமே அதிகாரிகள் சியோலில் இருந்த பிளிசார்ட் அலுவலகத்துக்குள் சோதனைக்கு நுழைந்தார்கள். பிறகு நிறுவனத்துக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்து, அங்கே குறிப்பிட்ட நிலையைத் தாண்டாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இதில் வானவில் இல்லை, நெக்ரோமான்சர் இல்லை, பேயை எந்த நிறத்தில் தீட்ட வேண்டும் என்ற தத்துவ விசாரம் இல்லை. ஒரு ரசீது, ஒரு புகார் மனு, ஒரு சட்டம். சுவாரசியமே இல்லாத கோபம். அதனால்தானோ என்னவோ பெரும்பாலான ரசிகர்களுக்கு அந்தச் சம்பவம் ஞாபகமே இல்லை. ஏலச்சந்தை 2014 மார்ச் 18 வரை நடந்து இழுத்து மூடப்பட்டது.

இனி, காணாமல் போனவர்களின் கணக்குக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு ஜூனில் வந்த டையாப்லோ 2 பெட்டிக்குள் ஐந்து பேர் இருந்தார்கள்: அமேசான், பார்பேரியன், நெக்ரோமான்சர், பாலடின், சோர்சரஸ். ஒரே பெட்டி, ஒரே விலை. அடுத்த பாகத்தில் இவர்களில் பார்பேரியனைத் தவிர எல்லோரையும் பெயர் மாற்றினார்கள் அல்லது வீட்டுக்கு அனுப்பினார்கள். 2014 மார்ச்சில் 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' என்ற கூடுதல் பாகம் வந்தது. அதில் க்ருசேடர் என்றொருவர் கேடயமும் வேதமுமாக வந்து இறங்கினார்; பாலடினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். விலை 39.99 டாலர். நெக்ரோமான்சருக்காக அழுதவர்களின் கண்ணீர் வீணாகவில்லை. 2017 ஜூன் 27 அன்று அவரைத் தனிப் பொட்டலமாகக் கட்டி 14.99 டாலருக்கு விற்றார்கள். 2008இல் 'எங்கே எங்கே' என்று கேட்டதற்கு ஒன்பது ஆண்டு கழித்துப் பதில் வந்தது: 'கிடங்கில்தான் இருக்கிறார், பில் போடட்டுமா?'

பந்தியில் சாம்பாரை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, இலையில் உட்கார்ந்தவன் சாம்பார் சாம்பார் என்று கத்தக் கத்த, அந்தக் கத்தலின் உரத்தைப் பார்த்துக் கரண்டிக்கு விலை குறிக்கும் சமையல்காரனை எந்த ஊரில் விடுவார்கள்? இந்த ஊரில் விட்டார்கள். விட்டதோடு நிற்காமல், சாம்பார் வெளியே வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'நாம் கேட்டோம், கொடுத்துவிட்டார்கள்' என்று கண் கலங்கினார்கள்.

கத்தினால் கேட்கிறார்கள் என்பதற்கு ரசிகர்கள் எப்போதும் காட்டும் அத்தாட்சி 2018 நவம்பர். அனஹைம் நகரில் பிளிஸ்கான் விழா. நான்காம் பாகம் வரும் என்று நம்பிக் கட்டணம் கட்டி வந்தவர்கள் முன்னால், கைப்பேசியில் ஆடும் 'டையாப்லோ இம்மார்ட்டல்' என்று அறிவித்தார்கள். ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இது காலம் தவறி வந்த ஏப்ரல் முட்டாள் வேடிக்கையா என்று கேட்டார். கணினிக்கு வருமா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்ததும் அரங்கம் ஊளையிட்டது. உங்களிடம் ஃபோன் இல்லையா என்று மேடையிலிருந்து வடிவமைப்பாளர் வையட் செங் கேட்டது உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே நான்காம் பாகம் அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊளையால்தான் வந்தது என்று இன்றும் மார்தட்டுகிறார்கள், ஓராண்டில் ஊளையிலிருந்து ஒரு விளையாட்டு பிறந்துவிடுமா என்ன? ஊளையிடப்பட்ட இம்மார்ட்டல் எங்கும் ஓடிவிடவில்லை. 2022 ஜூனில் வந்து, ரத்தினக் கற்கள் கிடைக்கும் வாய்ப்பை விற்று, நன்றாகவே கல்லா கட்டியது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் மட்டும் அது வெளியாகவில்லை. அங்கே ஊளை அதிகம் என்பதால் அல்ல. பணம் கட்டிக் குலுக்கல் பெட்டி திறக்கும் வியாபாரத்துக்கு அந்த நாடுகளின் சட்டம் குறுக்கே நின்றது.

2019இல் நான்காம் பாகத்துக்கு பார்பேரியன், சோர்சரஸ், ட்ரூயிட் என்று மூவரைக் காட்டினார்கள். ட்ரூயிட் என்பவர் காட்டில் வாழ்பவர், நினைத்தால் கரடியாக மாறுபவர். ஆளும் கரடி கணக்காகவே இருந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தடித்த உடம்பு, அகன்ற இடுப்பு. ஆரம்பித்தது பஞ்சாயத்து. பெண் என்றால் இடை சிறுத்திருக்க வேண்டாமா? வீரன் என்றால் வயிற்றில் ஆறு கட்டு வேண்டாமா? நாற்காலியில் சிப்ஸ் பொட்டலத்தோடு பத்து மணி நேரம் சரிந்து கிடப்பவர்கள், காட்டுக்குள் பேயோடு மல்லுக்கட்டும் ஒரு பெண்ணுக்கு உடற்பயிற்சி ஆலோசனை சொன்னார்கள். அவள் நிமிஷத்தில் கரடியாக மாறுகிறாள் என்பதை நம்புவதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. கரடியிலிருந்து திரும்பும்போது மெலிந்து திரும்பவில்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

பெண் உடம்பைப் பற்றி இவ்வளவு அக்கறை உள்ள கூட்டத்துக்கு 2021 ஜூலை 20 அன்று ஒரு வாய்ப்பு வந்தது. கலிபோர்னியா மாநில அரசு, இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு, பிளிசார்டின் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் மீது வழக்குத் தொடுத்தது. பெண் ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பாகுபாடு, பதவி உயர்வில் பாகுபாடு, அலுவலகத்திலேயே பாலியல் தொல்லை, குடித்துவிட்டு மேசை மேசையாக வந்து பெண்களிடம் அத்துமீறினார்கள் என்ற குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. எட்டு நாளில், ஜூலை 28 அன்று, ஊழியர்கள் எர்வைன் வளாகத்தின் வாசலுக்கு வந்து நின்றார்கள். வழக்கு 2023 டிசம்பரில் ஏறக்குறைய 54 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. தொல்லைக் குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை, நிறுவனம் தப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெரும்பகுதிப் பணம் சம்பளத்தில் வஞ்சிக்கப்பட்டதாகச் சொன்ன பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வழக்கு போட்டதிலிருந்து சமரசம் வரை இரண்டு ஆண்டு ஐந்து மாதம்.

இதே காலத்துக்குள் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். 2023 ஜூலை 18 அன்று நான்காம் பாகத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. எல்லா கிளாஸ்களின் பலத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். சோர்சரஸுக்கு அடி பலம். மந்திரம் எறிந்தால் பேய்க்கு ஏற்படும் சேதம் இத்தனை சதவீதம் குறைந்துவிட்டது என்று பூமி அதிர்ந்தது. யூடியூபில் தாடி வைத்த பெரியவர்கள் கண்ணாடி அணிந்துகொண்டு விரிதாள் போட்டுக் காட்டி விம்மினார்கள். அந்த விம்மலுக்கும் இடையில் விளம்பரம் ஓடியது என்பது வேறு விஷயம். ஜூலை 21 அன்று ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நேரலைக்கு வந்து உட்கார்ந்து, இனி இப்படியொரு திருத்தம் வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். மூன்று நாள்.

சோர்சரஸுக்கு நேர்ந்த அநியாயத்துக்கு மூன்று நாளில் நீதி. அந்த சோர்சரஸின் விரலசைவை வரைந்து, குரலைச் சேர்த்து, அங்கியின் மடிப்பைத் தைத்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இரண்டு ஆண்டு ஐந்து மாதம், அதுவும் சமரசம். அவளுக்கும் தோள்கொடுத்த ரசிகர்கள் இல்லாமல் இல்லை. கணக்கை மூடிவிட்டு வெளியேறியவர்கள் இருந்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். மற்றவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: 'இதனால் வெளியீடு தள்ளிப்போகுமா?'

நான்காம் பாகத்தின் வெளியீடு நன்றாகவே நடந்தது. 2023 ஜூனில் 70 டாலர் விலை. 90 டாலர் கொடுத்தால் நான்கு நாள் முன்னதாக நரகத்துக்குள் அனுமதி. நரகத்துக்கும் சிறப்பு தரிசனச் சீட்டு. ஐந்து நாளில் 666 மில்லியன் டாலருக்கு மேல் விற்றதாக நிறுவனமே அறிக்கை விட்டது. சாத்தானின் எண்ணாம் அது, ரசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பு, 2022 டிசம்பரில், இந்த ஆட்டத்தைத் தேதிக்குள் முடிக்க ஊழியர்கள் எப்படிப் பிழியப்படுகிறார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியிருந்தது. அது எத்தனை பேர் கண்ணில் பட்டதோ தெரியவில்லை. ட்ரூயிட்டின் தொப்பை எல்லோர் கண்ணிலும் பட்டது.

அசல் மனிதர்களின் வேலைக்கு வருகிறேன் என்றேன். 2023 அக்டோபர் 13 அன்று மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிசார்டை 68.7 பில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வாங்கி முடித்தது. மூன்று மாதம்கூட நிறையவில்லை என்று சொல்ல இடம் வைக்காமல், மூன்று மாதமும் பன்னிரண்டு நாளும் கழித்து, 2024 ஜனவரி 25 அன்று விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பிளிசார்டில் ஆறு ஆண்டாக உருவாகிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டையே குப்பையில் போட்டார்கள். ஒரு நெக்ரோமான்சர் வேலை இழந்ததற்கு ஒன்பது ஆண்டு துக்கம் காத்த சமூகம் இது. 1,900 பேருக்கு எத்தனை ஆண்டு காக்க வேண்டும்? அந்த வாரக் கடைசிக்குள்ளேயே பேச்சு திரும்பிவிட்டது. அடுத்து வரப்போகும் புதிய கிளாஸ் எது?

வந்தது ஸ்பிரிட்பார்ன். நகாண்டு காட்டைச் சேர்ந்தவர். ஜாகுவார், கொரில்லா, கழுகு, பூரான் ஆகிய நான்கு காவல் ஆவிகளின் பலத்தோடு சண்டை போடுபவர். டையாப்லோவில் அதற்கு முன் இல்லாத ஓர் ஆள். உண்மையாகவே உழைத்துச் செய்திருந்தார்கள். வரவேற்பு என்ன தெரியுமா? இது மாங்க்கா, விட்ச் டாக்டரா, பழைய விட்ச் டாக்டரையே கொடுத்திருக்கலாமே என்ற அங்கலாய்ப்பு. ஒரு காலத்தில் யாரை வேண்டாம் என்று விரட்டினார்களோ அவருக்காக மூக்கைச் சிந்தினார்கள். பழையது எதுவோ அது புனிதம். அது புதிதாக இருந்தபோது காறித் துப்பியது யார் என்று கேட்டால் எல்லோரும் எதிர்ச்சுவரைப் பார்க்கிறார்கள். 2024 அக்டோபர் 8 அன்று 'வெசல் ஆஃப் ஹேட்ரெட்' என்ற கூடுதல் பாகத்தோடு ஸ்பிரிட்பார்ன் வந்து இறங்கினார். விலை மறுபடியும் 39.99. இறங்கியவர் மற்ற ஐந்து கிளாஸ்களையும் தூக்கிச் சாப்பிடும் பலத்தோடு இருந்தார். கணக்கில் பிசகு என்றார்கள். இருக்கலாம். காசு கட்டிய கைக்குத்தான் அந்தப் பிசகு வாய்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கோபம் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த அலுவலகத்துக்கு உள்ளேதான் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில், ஆல்பனி நகர பிளிசார்ட் கிளையில் ஆட்டத்தைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் இருபது பேர் அளவிலான ஒரு சின்னக் கூட்டம், தொழிற்சங்கம் வேண்டும் என்று வாக்களித்தது. எதிர்த்து ஓர் ஓட்டும் விழவில்லை. 2025 ஆகஸ்டில் டையாப்லோவை உருவாக்கும் அணியில் 450க்கும் மேற்பட்டவர்கள் சங்கம் அமைத்தார்கள். நிரலாளர், ஓவியர், வடிவமைப்பாளர் எல்லோரும் அதில் உண்டு. இரவு இரண்டு மணிக்குக் கொட்டை எழுத்தில் சாபம் எழுதுவதை விட இதில் வேலை அதிகம். கூட்டம் போட வேண்டும், பக்கத்து மேசைக்காரனிடம் பேச வேண்டும், முதலாளிக்குத் தெரியும்படி பெயர் கொடுக்க வேண்டும். இவர்களுக்குத்தான் ரசிகர்கள் பல காலமாக மிரட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மந்திரத்தின் நெருப்பளவு குறைந்ததற்காக, அந்த எண்ணைத் தட்டச்சு செய்த சம்பளக்காரனின் குடும்பத்தை இழுத்துத் திட்டுவது; விலையை நிர்ணயித்தவனுக்கு முன்பதிவுப் பணம் கட்டுவது. சேவகனை அறைந்துவிட்டு மிராசுதாருக்குக் காணிக்கை வைக்கும் இந்த வீரத்துக்கு எந்த கிளாஸ் பொருத்தம் என்று நிறுவனம்தான் சொல்ல வேண்டும்.

சங்கம் அமைந்து நான்கு மாதத்தில், 2025 டிசம்பர் 11 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த விருது விழா மேடையில் அடுத்த கூடுதல் பாகம் 'லார்ட் ஆஃப் ஹேட்ரெட்' என்று அறிவித்தார்கள். வெளியீடு 2026 ஏப்ரல் 28. ஆனால் முன்பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கிளாஸ் உடனே, அன்றே, அப்போதே கையில் கிடைக்கும் என்றார்கள். யார்? பாலடின். கேடயத்தோடும் ஒளிவட்டத்தோடும் அவர் வந்து நின்றார். ஆண்டுக்கணக்காகத் தொண்டை கிழிந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். கடைசியில் எங்கள் குரலைக் கேட்டுவிட்டார்கள்! கேட்டார்கள்தான். 2000ஆம் ஆண்டுப் பெட்டிக்குள் மற்ற நால்வரோடு சும்மா உட்கார்ந்திருந்தவர், இருபத்தைந்து ஆண்டு கழித்து, கதை வருவதற்கு நாலரை மாதம் முன்பே, 39.99 டாலர் முன்பணத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்.

அந்தப் பழைய பெட்டியின் ஐவரில் பார்பேரியனும் சோர்சரஸும் நெக்ரோமான்சரும் ஏற்கெனவே வந்தாயிற்று. பாலடினும் வந்துவிட்டார். கிடங்கில் மிச்சம் இருப்பது அமேசான் ஒருத்திதான். அவள் எங்கே என்று இன்றைக்கே கேட்கத் தொடங்குங்கள் பெருமக்களே, அடுத்த பெட்டிக்கு விலைச்சீட்டு அச்சடிக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள்.